கெவின் மூரின் தனி இசை: ட்ரீம் தியேட்டரை ஒதுக்கிவைத்துக் கேட்க முடியுமா?

இரவுவானொலி:

குரோமா கீயின் 'டெட் ஏர் ஃபார் ரேடியோஸ்' பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் நாலாவது வரிக்குள் "அவேக்கில் அப்படி வாசித்த ஆளா இது?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஆல்பம் வந்தது 1998இல். இன்றைக்கும் அதைத் தனியாக எடுத்துப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரீம் தியேட்டர் ஒரு அமெரிக்க புராக் மெட்டல் இசைக்குழு, அதாவது கனத்த கிதாரோடு நீண்ட, சிக்கலான பாட்டுகள் செய்பவர்கள். கெவின் மூர் அதன் முதல் கீபோர்ட் கலைஞர், கிதார் கலைஞர் ஜான் பெட்ரூச்சியின் சிறுவயதுத் தோழர். 1989, 1992, 1994இல் வந்த முதல் மூன்று ஆல்பங்களில் வாசித்தார். மூன்றாவதான 'அவேக்' கடைக்கு வருவதற்குள் விலகிவிட்டார். நான்கு ஆண்டு கழித்து, குரோமா கீ என்ற பெயரில் தன் சொந்த லேபிளில் 'டெட் ஏர்' ஆல்பத்தை வெளியிட்டார்.

விரல் வித்தை காட்டும் சோலோ எதுவும் அதில் கிடையாது. பியானோவில் நாலைந்து சுரங்கள் திரும்பத் திரும்ப வரும். மைக்குக்கு மிகப் பக்கத்தில் நின்று, பக்கத்து அறையில் தூங்குபவர் விழித்துவிடக் கூடாது என்பதுபோல் அவரே பாடுகிறார். எங்கெங்கிருந்தோ எடுத்த பேச்சுத் துண்டுகள் இடையிடையே வந்து போகும். டிரம்ஸில் மார்க் ஸோண்டர், பேஸில் ஜோயி வேரா.

இது என்ன செய்ய நினைத்தது, அதைச் செய்ததா என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் பிறகு பழைய இசைக்குழுவைத் தாராளமாக உள்ளே கொண்டுவரலாம். உங்கள் கருத்து என்ன?

ஸ்னேர்சத்தம்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை நண்பரே. 'அவேக்' என்ற ஒன்று இல்லாவிட்டால் குரோமா கீயை நம்மில் எத்தனை பேர் தேடிப்போய்க் கேட்டிருப்போம்? அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வாங்கினோம். பெயரை நம்பி வாங்கியவனுக்கு எதிர்பார்ப்பு இருக்கக் கூடாது என்று சொல்வது நியாயமே இல்லை.

இன்னொன்று. வேகம் இல்லை என்பது என் புகார் அல்ல. ஒரு பாட்டுக்குள் எத்தனை இடங்களுக்குப் போய்த் திரும்புகிறோம் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். ட்ரீம் தியேட்டரின் இரண்டாவது ஆல்பமான 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்'ஸில் ஒரு பாட்டு ஆரம்பித்த இடத்துக்கும் முடிகிற இடத்துக்கும் நடுவில் ஒரு முழுப் பயணமே இருக்கும். 'டெட் ஏர்' பாட்டுகள் ஒரே அறைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அப்புறம் அந்தக் குரல். எட்டுச் சுரம்கூட ஏறி இறங்காது. ஆல்பம் முழுக்க அதே முணுமுணுப்பு என்றால் எனக்குப் பாதியிலேயே கவனம் போய்விடுகிறது. இசைக்குழுவை மறந்துவிட்டுக் கேட்டாலும் இந்தக் குறை இருக்கத்தான் செய்யும்.

கருங்கட்டை:

பியானோ சொல்லிக்கொடுப்பது என் தொழில். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூரை ட்ரீம் தியேட்டரோடு ஒப்பிடுகிறவர்கள் எந்த ட்ரீம் தியேட்டரை மனதில் வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலும் 1999க்குப் பிந்தையதை, அதாவது கீபோர்டுக்கு ஜோர்டன் ரூடெஸ் வந்து சேர்ந்த பிறகான இசைக்குழுவை. கீபோர்ட் என்றால் கிதாரோடு போட்டிபோட்டு ஓட வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் அழுத்தமாகப் பதிந்தது. மூருக்கும் ரூடெஸுக்கும் நடுவில் டெரெக் ஷெரினியன் வேறு இருந்தார். இந்த இருவரின் வேகத்தையும் பின்னோக்கிக் கொண்டுபோய் மூரின் தலையில் வைத்துவிட்டு, "தனியாக வந்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டார்" என்கிறோம். அவரிடம் அது எப்போதுமே முதன்மையாக இருந்ததில்லை.

வாசிக்கத் தெரியாதவர் என்று சொல்லவில்லை. 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தில் கிதாரோடு ஒட்டி ஓடும் இடங்கள் எளிதானவை அல்ல. என் மாணவர்கள் அங்கே திணறுவதை நேரில் பார்க்கிறேன். ஆனால் அதே ஆல்பத்தில் அவரை அடையாளம் காட்டுவது 'வெயிட் ஃபார் ஸ்லீப்'. இரண்டரை நிமிடம்தான் அந்தப் பாட்டு. பியானோவும் குரலும், பின்னால் மெல்லிய தந்தி ஒலியும் மட்டும். டிரம்ஸ் கிடையாது. அந்தப் பியானோ உருவம் அடுத்து வரும் நீண்ட பாட்டில் மறுபடி தலைகாட்டும்போது சிலிர்க்கிறது. சின்ன ஓர் உருவத்தைக் கண்டுபிடித்து, அதைச் சரியான இடத்தில் திரும்ப வைப்பதுதான் அவருடைய கலை. குரோமா கீயில் செய்வதும் அதைத்தான்.

'அவேக்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் இசையும் முழுக்க மூருடையவை. தனிமையான பியானோ, நடுவில் படத்திலிருந்தும் செய்தி ஒளிபரப்பிலிருந்தும் எடுத்த பேச்சுத் துண்டுகள், விளக்கமே சொல்லாத ஒரு துக்கம். 1994இல் ட்ரீம் தியேட்டர் பெயரில் வந்த முதல் குரோமா கீ பாட்டு என்றே அதைச் சொல்வேன். அப்படியிருக்க, "இசைக்குழுவிலிருந்து பிரித்துக் கேள்" என்று இரவுவானொலி சொல்வதிலும் எனக்கு முழு சம்மதம் இல்லை. கோடு எங்கே போடுவது? அவர் விலகிய நாளிலா, அந்தப் பாட்டு தொடங்கும் நொடியிலா?

புதுக்காது:

அண்ணன்களுக்கு வணக்கம். நான் எதிர்த் திசையிலிருந்து வந்தவன் என்பதால் சொல்கிறேன்.

போர்க்குபைன் ட்ரீ குழுவின் டிரம்மர் கேவின் ஹாரிசன் எனக்கு உயிர். அவர் வேறு எதில் வாசித்திருக்கிறார் என்று தேடியபோது மூரும் கிதார் கலைஞர் ஜிம் மத்தியோஸும் சேர்ந்து செய்த ஓ.எஸ்.ஐ. குழுவின் 'பிளட்' (2009) கிடைத்தது. அதில் பாடுவது யார் என்று பார்த்துத்தான் குரோமா கீக்குப் போனேன். ட்ரீம் தியேட்டரை அதற்கெல்லாம் பிறகுதான் கேட்டேன். ஆகவே அந்த ஒப்பீடு என் தலையில் இருந்ததே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நிழல் இல்லாமல் கேட்டால் ஆல்பம் உடனே உயர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதன் சுற்றம் போர்ட்டிஸ்ஹெட், மாசிவ் அட்டாக் போன்ற 90களின் டிரிப்-ஹாப் குழுக்கள். மெதுவான தாளம், வெட்டி ஒட்டிய ஒலிகள், அடங்கிய குரல். அந்தக் கூட்டத்தில் நிறுத்திப் பார்த்தால் 'டெட் ஏர்' ஆல்பத்தின் தாளத்தில் அடிவயிற்றில் இறங்கும் கனம் குறைவு. ஆனால் பாட்டின் சொற்களும் பியானோவும் அங்கே நிற்கிற பலரை விடவும் மேல். இரண்டாவது ஆல்பம் 'யூ கோ நவ்' (2000) இந்த அளவுகோலில் இன்னும் நன்றாக நிற்கிறது. ஒலிகளுக்கு நடுவே விட்ட இடம் அதில் அழகாக இருக்கிறது. எனக்கு அதுதான் முதலிடம்.

ஸ்னேர்சத்தம்:

தம்பி சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. பிரித்துக் கேட்பது என்றால் சலுகை கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வேறு வரிசையில் நிறுத்தினால் அங்கேயும் கடுமையான ஆட்கள் நிற்கிறார்கள் என்பதை இவர் காட்டிவிட்டார்.

ஆனால் ஓ.எஸ்.ஐ.யை நாம் விட்டுவிடக் கூடாது. 2003இல் வந்த முதல் ஆல்பத்தில் ஃபேட்ஸ் வார்னிங் குழுவின் ஜிம் மத்தியோஸ் கிதார், மைக் போர்ட்னாய் டிரம்ஸ், ஷான் மலோன் பேஸ். ஒரு பாட்டில் போர்க்குபைன் ட்ரீயின் ஸ்டீவன் வில்சன் குரல். இந்தப் பெயர்களைப் பார்த்தால் யாருக்குமே புராக் மெட்டல் நினைவுதான் வரும். பழைய இசைக்குழுவின் டிரம்மரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பழைய இசைக்குழுவோடு ஒப்பிடாதே என்றால் எப்படி? அவரே கதவைத் திறந்துவைத்திருக்கிறார்.

இரவுவானொலி:

ஓ.எஸ்.ஐ. மூரின் தனி இசை அல்ல, மத்தியோஸோடு சேர்ந்து செய்தது. இருந்தாலும் கேள்வி நியாயமானதால் பதில் சொல்கிறேன்.

அந்த முதல் ஆல்பத்தைப் போர்ட்னாயின் டிரம்ஸை மட்டும் கவனித்து ஒருமுறை கேளுங்கள். ட்ரீம் தியேட்டரில் டிரம்ஸ் எப்போதும் ஒரு பேச்சாளர். இங்கே அது வெட்டி, வடிகட்டி, பாட்டுக்குள் அடக்கி வைத்த ஒலிகளில் ஒன்று. கிதார் ரிஃப்களுக்கும், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார் வரிகளுக்கும், அதே கதி. கனமான ரிஃப் ஒன்று வரும், அது வளர்ந்து எங்கேயோ போகப்போகிறது என்று நினைக்கும்போது மூர் அதை நிறுத்திவிட்டுக் குறைந்த குரலில் ஒரு வரி சொல்வார். அதே ஆட்கள், அதே கருவிகள், ஆனால் முடிவெடுப்பவர் வேறு. ஒப்பிடுங்கள், மறுக்கவில்லை. ஒப்பிட்டால் இந்த வித்தியாசம்தானே முதலில் காதில் விழ வேண்டும்? "அங்கே போல இங்கே இல்லை" என்பதோடு முடித்துக்கொள்வதுதான் என்னை உறுத்துகிறது.

கருங்கட்டை கேட்ட கோடு பற்றி: உண்மைதான், தேதியை வைத்துக் கோடு போட முடியாது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். ஒப்பிட இசைக்குழு வேண்டும் என்றால், ட்ரீம் தியேட்டரை விட நெருக்கமான ஒன்று இருக்கிறது. ஃபேட்ஸ் வார்னிங் 1997இல் செய்த 'எ ப்ளெசன்ட் ஷேட் ஆஃப் கிரே', பன்னிரண்டு பகுதிகளாக ஓடும் ஒரே நீண்ட படைப்பு. விருந்தினராக வந்து கீபோர்ட் வாசித்தவர் மூர். டிரம்ஸ் ஸோண்டர், பேஸ் வேரா. அடுத்த ஆண்டே அதே இருவர் 'டெட் ஏர்' ஆல்பத்தில். சாம்பல் நிறத் துக்கம், இடைவெளி, மெதுவாக ஊறும் பியானோ எல்லாம் அதிலேயே இருக்கின்றன. 'அவேக்' முடிந்ததும் நேராக 'டெட் ஏர்' என்று தாவினால்தான் பெரிய பள்ளம் தெரியும். நடுவில் இதை வைத்துக் கேட்டால் தொடர்ந்து ஒரே சாலைதான்.

பழையடேப்:

நான் எழுபதுகளின் ஆள். யெஸ் குழுவின் கீபோர்ட் கலைஞர் ரிக் வேக்மேனையும் பிங்க் ஃபிளாய்டின் கீபோர்ட் கலைஞர் ரிச்சர்ட் ரைட்டையும் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் எனக்கு முழுமையடையாது.

வேக்மேனிடம் பிரிக்கிற வேலையே கிடையாது. 1973இல் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரை வைத்து அவர் செய்த ஆல்பத்தில் 'யெஸ்' குழுவின் ஆட்களே பல இடங்களில் வாசித்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வந்த பூமியின் மையத்துக்கான பயணத்தை லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், ஆர்க்கெஸ்ட்ரா, பாடகர் குழு, கதை சொல்பவர் என்று மேடையிலேயே பதிவுசெய்தார். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே 1974இல்தான் யெஸ்ஸை விட்டு விலகினார், பிறகு திரும்பவும் போனார். அவருடைய பிரம்மாண்டம் இசைக்குழுவிலும் தனியிலும் ஒன்றுதான். ஒப்பிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ரைட் கதை வேறு, மூருக்கு நெருக்கமானது. பிங்க் ஃபிளாய்டின் ஒலியில் பாதி இவருடைய ஆர்கனும் கார்டுகளும்தான் என்று நான் நினைக்கிறேன். 1978இல் 'வெட் ட்ரீம்' செய்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஃபிளாய்டின் 'தி வால்' ஆல்பப் பதிவின்போது இசைக்குழுவை விட்டே வெளியேற்றப்பட்டார். 1984இல் ஸீ என்ற பெயரில் ஒரு ஆல்பம். அது முழுக்க அந்தக் காலத்து டிஜிட்டல் கருவியின் சத்தம், எனக்கு ஒட்டவில்லை. பிறகு 1996இல் 'புரோக்கன் சைனா'. மனச்சோர்வில் விழுந்து மீளும் ஒருவரைத் தொடரும் ஆல்பம். இரண்டு பாட்டில் சினேட் ஓ'கானர் பாடியிருக்கிறார். அதை ஃபிளாய்டோடு ஒப்பிட்டால் அங்கே இருந்த வாட்டர்ஸின் சொற்களும் கில்மரின் கிதாரும் இல்லாத வெற்றிடம்தான் தெரியும். அதனாலேயே பலர் பாதியில் வைத்துவிட்டார்கள். எனக்கோ, வற்புறுத்தாமல் ஒரு கார்டைக் காற்றில் தொங்கவிடத் தெரிந்த அந்த மனிதரை முழுதாகக் கேட்ட இடம் அது.

கீபோர்ட் வாசிப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. கிதார் சோலோவை யாரும் காது வைத்துத் தேட வேண்டியதில்லை. கீபோர்ட் பெரும்பாலும் பின்னால் விரித்த துணி. பாட்டின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது அதுதான், ஆனால் யார் செய்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. அவர் தனியாக ஒரு ஆல்பம் செய்தபிறகுதான், "ஓ, அந்தக் குளிர் இவர் கொண்டுவந்ததா" என்று புரியும். 'வெட் ட்ரீம்' கேட்ட பிறகு பழைய ஃபிளாய்ட் ஆல்பங்களுக்குத் திரும்பினால் ரைட் எங்கெங்கே இருக்கிறார் என்று விரல் வைத்துக் காட்டலாம். இசைக்குழுவை வைத்துத் தனி ஆல்பத்தை அளப்பதை விட, தனி ஆல்பத்தை வைத்து இசைக்குழுவைத் திரும்பக் கேட்பதில்தான் எனக்குப் பயன் கிடைத்திருக்கிறது.

கருங்கட்டை:

பழையடேப் ஐயா, அந்தக் கடைசி வரியை அப்படியே மூருக்கும் வைக்கலாம். 'டெட் ஏர்' கேட்டுப் பழகிய காதோடு 'அவேக்'குக்குத் திரும்பிப் போங்கள். அந்த ஆல்பத்தின் இருட்டு ஏழு தந்திக் கிதாரால் மட்டும் வந்ததில்லை என்பது தெரியும்.

புதுக்காது:

நடுவில் ஒரு கேள்வி. குரோமா கீயின் 'கிரேவ்யார்ட் மவுன்டன் ஹோம்' ஆல்பத்தை, அது எந்தப் படத்துக்காகச் செய்ததோ அந்தப் படத்தோடு யாராவது சேர்த்துப் பார்த்திருக்கிறீர்களா? வெறுமனே கேட்டால் எனக்குப் பிடிபடவில்லை.

இரவுவானொலி:

பார்த்திருக்கிறேன் தம்பி. 2004இல் வந்தது. 1955இல் எடுத்த 'ஏஜ் 13' என்ற ஒரு பழைய அமெரிக்கப் போதனைப் படத்தை எடுத்து, ஓட்டத்தை மெதுவாக்கி, அதற்கு மூர் புதிதாக இசை அமைத்தார். தாயை இழந்த ஒரு பையனின் கதை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல எடுத்த படம், வேகம் குறைந்ததும் கெட்ட கனவுபோல் ஆகிவிடுகிறது. ஒரு முகம் திரும்புவதற்கே நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்துக்குள் இசை நுழைகிறது.

வெறும் ஒலியாகக் கேட்டால் சில பகுதிகள் வெறுமையாகத்தான் இருக்கும். அதை நான் மறைக்க மாட்டேன். படத்தோடு பார்த்தால் அந்த வெறுமைக்குக் காரணம் கிடைக்கும். அதே ஆண்டு 'ஒகுல்' என்ற துருக்கிப் படத்துக்கு அமைத்த இசை 'கோஸ்ட் புக்' என்று வந்தது. கோஸ்டா ரிகாவில் ஒரு வானொலிக்காகச் செய்த நிகழ்ச்சிகளிலிருந்து 'மெமரி ஹோல் 1' வந்ததும் அப்போதுதான். பட இசை, வானொலி, பேச்சுத் துண்டுகள் என்று இவ்வளவு தூரம் போய்விட்ட ஒருவரை இன்னும் "முன்னாள் ட்ரீம் தியேட்டர்" என்ற ஒற்றை அடையாளத்தோடு நிறுத்துவதுதான் எனக்கு ஆற்றவில்லை.

ஸ்னேர்சத்தம்:

எல்லாம் படித்தேன். ஃபேட்ஸ் வார்னிங் ஆல்பத்தை நடுவில் வைத்து நேற்று இரவு வரிசையாகக் கேட்டும் பார்த்தேன். சாலை ஒன்றுதான் என்பது காதுக்குத் தெரிகிறது. ஆனால் குரல் விஷயத்தில் நான் நகரப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கருங்கட்டை 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' முதல் குரோமா கீ பாட்டு என்றார். அதைப் பாடியது யார்? ட்ரீம் தியேட்டரின் பாடகர் ஜேம்ஸ் லாப்ரி. வழக்கமான உயரங்களுக்குப் போகாமல் அடக்கித் தொடங்கி, கடைசியில் கிதாரும் டிரம்ஸும் வந்து சேரும்போது குரலைத் திறக்கிறார். மூரின் எழுத்து அந்த இடத்தில் வானத்தைத் தொடுகிறது. மூர் போன பிறகு அந்தப் பாட்டை ட்ரீம் தியேட்டர் மேடையில் தொடவே இல்லை. இருபது ஆண்டு கழித்து 2014 சுற்றுப்பயணத்தில்தான் வாசித்தார்கள், பாஸ்டன் கச்சேரிப் பதிவில் இருக்கிறது. மூர் இல்லாமலேயே பாட்டு நிற்கிறது. ஆக அவருடைய எழுத்துக்கு ஒரு பாடகரும் ஒரு இசைக்குழுவும் கொடுத்த பலம் ஒன்று உண்டு. தனியாக வந்தபோது அதை இழந்தார். இதைச் சொல்ல எனக்கு ஒப்பீடு தேவைப்படுகிறது. ஒப்பீட்டையே தள்ளிவைத்தால் இந்த இழப்பைப் பற்றிப் பேசவே வழியில்லை.

இரவுவானொலி:

இது வலுவான வாதம். இந்த இழையில் எனக்கு எதிராக வந்தவற்றில் இதற்குத்தான் பதில் சொல்லக் கஷ்டப்படுகிறேன்.

இழப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கூடவே ஒரு கேள்வி வைக்கிறேன். 'டெட் ஏர்' ஆல்பத்தில் 'ஆன் தி பேஜ்' பாட்டை லாப்ரி பாடுவதாகக் கற்பனை செய்துபாருங்கள். குரல் ஏறும் இடத்தில் கேட்பவருக்கு விடுதலை கிடைத்துவிடும், அழுது முடித்த நிம்மதி. மூரின் குரல் அந்த நிம்மதியைத் தராது. துக்கம் தீராமல் அப்படியே இருப்பதைப் பற்றிய பாட்டுகள் இவை, குரலும் தீர்க்காமலே விடுகிறது. உங்களுக்கு அது சலிப்பு. எனக்கு அதுதான் அந்த ஆல்பத்தின் நேர்மை. இந்த இடத்தில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன், ஆனால் இப்போது நாம் ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறோம். நான் கேட்டது அவ்வளவுதான்.

பழையடேப்:

ஸ்னேர்சத்தம் சொன்ன இழப்பு ரைட்டிடமும் உண்டு. 'புரோக்கன் சைனா'வில் மனதில் நிற்கும் இரண்டு பாட்டும் சினேட் பாடியவைதான். ரைட்டின் குரல் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் அது உண்மை.

புதுக்காது:

சரி அண்ணா, ட்ரீம் தியேட்டர் மட்டுமே கேட்டுப் பழகிய நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு எந்த வரிசையில் கொடுக்கலாம்? நேராக 'யூ கோ நவ்' கொடுத்தால் ஓடிவிடுவான்.

கருங்கட்டை:

'வெயிட் ஃபார் ஸ்லீப்', 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' இரண்டையும் ஆல்பத்திலிருந்து தனியாக எடுத்து அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு 'ப்ளெசன்ட் ஷேட்', ஒரே அமர்வில், நடுவில் நிறுத்தாமல். அதன் பிறகு 'டெட் ஏர்'. ஓ.எஸ்.ஐ.யை இதற்கெல்லாம் முன்னால் கொடுக்காதீர்கள். போர்ட்னாய் பெயரைப் பார்த்ததும் அவன் டிரம்ஸை மட்டும் தேட ஆரம்பித்துவிடுவான். 'யூ கோ நவ்' கடைசியில் இருக்கட்டும், ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள். 'கிரேவ்யார்ட்' வேண்டுமானால் படத்தோடு மட்டும்.

ஸ்னேர்சத்தம்:

வரிசை சரிதான். 'டெட் ஏர்' முடிந்ததும் குரல் பற்றி அவன் என்ன சொல்கிறான் என்று இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள் தம்பி.